ஆம்புலன்சுக்கு முதுகு காட்டாதவர்கள்

கூனம்பாறைப்பட்டியில் புத்திக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே புத்தி ஏகத்துக்கு இருக்கிறது. யாரும் அதை எடுத்துச் செலவு பண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரன் ஒச்சப்பன். அவன் பெண்டாட்டி பொன்னுருவிக்கு அப்போது நிறைமாதம். பெரியாஸ்பத்திரி என்னவோ எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஆம்புலன்ஸ் நிற்பது மலைக்கு அந்தப் பக்கம். போன் போட்டால் அது மலையைச் சுற்றி வந்து சேருவதற்குள், வலி வந்தவள் பிள்ளையைப் பெற்று, பேர் வைத்து, காதும் குத்திவிடலாம்.

இந்த நேரத்தில்தான் இலவச ஆம்புலன்ஸ் நடத்துகிற அறக்கட்டளை ஒன்று, நன்கொடை திரட்ட மலைநடை அறிவித்தது. அந்தப் பக்க அடிவாரத்திலிருந்து உச்சி வரை பன்னிரண்டு கிலோமீட்டர். ஊருக்கு மூன்று பேர். எந்த ஊர் முதலில் ஏறி உச்சியில் நோட்டில் கையெழுத்துப் போடுகிறதோ, அந்த ஊரிலேயே ஒரு வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

ஒச்சப்பன் கிளம்பிவிட்டான். கூடவே பொன்னுருவியின் தம்பி தொத்தாரி. மூன்றாவது ஆள் சடைச்சியக்கா. பழனிக்குப் பதினேழு தடவை நடந்து போனவள் என்பதால், நடை சம்பந்தமாக ஊரில் அவள் சொல்வதுதான் சட்டம்.

அடிவாரத்தில் அறக்கட்டளையின் நிர்மலா மேடம் மைக்கைத் தட்டினார். "ஹலோ, ஹலோ. எல்லாரும் ஆம்புலன்சுக்காக நடக்கிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வண்டி. கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வரும். பயப்படாம நடங்க."

சடைச்சியக்கா நின்றுவிட்டாள்.

"ஏப்பா ஒச்சு, பழனிக்கு யாருக்காக நடக்கிறோம்?"

"முருகனுக்காக."

"இங்க?"

"ஆம்புலன்சுக்காக."

"அப்ப சாமி யாரு?"

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வெள்ளை வெளேரென்று, நெற்றியில் சிவப்பு விளக்கோடு, உறுமிக்கொண்டு நின்றது சாமி.

"மாமா, சாமிக்கு முதுகக் காட்டலாமா?" என்று தொத்தாரி ரகசியமாகக் கேட்டான்.

"கோயில்லயே காட்டமாட்டோமேடா. பின்னாடி நகந்துதான வெளிய வருவோம்."

"பின்ன என்ன, நகருங்க" என்று சட்டம் சொல்லிவிட்டது.

அப்படியே மூன்று பேரும் வண்டியைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு, பின்பக்கமாக மலையேறத் தொடங்கினார்கள்.

வண்டி ஓட்டிய அந்தோணி சொன்ன சொல்லை மீறாத மனுஷன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் தன்னைக் கும்பிட்டுக்கொண்டே போவதைப் பார்த்து, கொஞ்ச நேரம் கூச்சப்பட்டான். அப்புறம் அவனும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆசீர்வாதம் பண்ண ஆரம்பித்தான்.

முதல் வளைவில் தொத்தாரி ஒரு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான். உட்கார வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, பெஞ்சு அங்கே இருந்தது. இரண்டாவது வளைவில் சடைச்சியக்கா ஒரு எருமையோடு மோதி, திரும்பிப் பார்க்காமலே, "மன்னிச்சுக்கங்க தம்பி" என்றாள். நாலாவது வளைவில் ஒச்சப்பனின் முதுகிலிருந்த கட்டுச்சோற்று மூட்டையைக் குரங்கு உருவிக்கொண்டு போனது. பாரம் குறைந்ததும், "சாமி கிருபையப் பாத்தியா மாப்ள, உடம்பு லேசாயிருச்சு" என்று அவன் உருகினான்.

இந்தக் கோலத்தைப் பார்த்த மற்ற ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்தவர்களால் எழுந்து நடக்க முடியவில்லை. இவர்கள் மூவரும் சிரிக்கவேயில்லை. அதனால் முந்திவிட்டார்கள்.

உச்சியில் கட்டியிருந்த ரிப்பனைச் சடைச்சியக்காவின் முதுகு அறுத்தது. கைதட்டினார்கள். மேசை, நோட்டு, பேனா எல்லாம் தயார். ஆனால் அவை இருந்தது முதுகுப் பக்கம்.

"நில்லுங்க சார், முடிஞ்சது" என்றார் நிர்மலா மேடம் மைக்கில்.

"சாமி நிக்கலையே, நாம எப்படி நிக்கிறது?" என்றான் ஒச்சப்பன்.

"இவங்க நிக்கலையே, நான் எப்படி நிக்கிறது?" என்றான் அந்தோணி.

இப்படியே மலையின் இந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். மேடம் நோட்டைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, "கையெழுத்து, கையெழுத்து" என்று கத்தியபடி பின்னால் ஓடி வந்தார். ஒச்சப்பனுக்கு அது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

"நல்ல பொம்பள. வழியனுப்ப இம்புட்டுத் தூரம் வருது பாரு" என்று அவனும் கையை ஆட்டினான்.

ஒரு மணி நேரத்தில் மூன்று பேரின் முதுகும் சொந்த ஊர்ப் பிள்ளையார் கோயில் சுவரில் முட்டியது. அதற்குமேல் போக வழியில்லை. இவர்கள் நின்றார்கள், வண்டியும் நின்றது.

பின்னாலேயே ஜீப்பில் வந்து இறங்கினார் மேடம். "கையெழுத்து உச்சியிலதான் போடணும் சார். நீங்க போடல. அடுத்து வந்த ஊர் போட்டுட்டா வண்டி அவங்களுக்குத்தான்."

ஒச்சப்பன் வாய் திறப்பதற்குள் வீட்டிலிருந்து பொன்னுருவியின் குரல் கேட்டது. வலி வந்துவிட்டது.

நல்லவேளை, நாலு எட்டில் வண்டி. பொன்னுருவியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அந்தோணி கிளம்பப் பார்த்தான். முன்னால் மூன்று பேர் கும்பிட்டபடி நின்றார்கள்.

"வழிய விடுங்கண்ணே. பின்னாடி வாங்க."

"பின்னாடி வந்தா சாமி எங்களுக்கு முதுகக் காட்டுமே. கோவிச்சுக்கிச்சுன்னு அர்த்தம்" என்றாள் சடைச்சியக்கா.

"மாமா, அக்காவுக்கு வலி வந்த நேரத்துல சாமி கோவம் ஆகாது" என்றான் தொத்தாரி.

மூவரும் ரோட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து பொன்னுருவிதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தோணியண்ணே, வண்டிய ரிவர்ஸ்ல விடுங்க. இதுக சாமி மூஞ்சியப் பாத்துக்கிட்டே வரட்டும்."

எட்டு கிலோமீட்டரும் ஆம்புலன்ஸ் பின்பக்கமாகவே பறந்தது. அதன் மூக்குக்கு நேராக மேடத்தின் ஜீப். ஜீப்பில் மூன்று ஜோடிக் கூப்பிய கைகள். வழியில் சைரனுக்கு ஒதுங்கிய ஒரு லாரிக்காரர், எது துரத்துகிறது, எது ஓடுகிறது என்று புரியாமல் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா கால் மணி நேரம் லேட்டாயிருந்தா ரொம்பக் கஷ்டம். வண்டி ஊருக்குள்ளயே நின்னதால தப்பிச்சீங்க."

நிர்மலா மேடம், இன்னும் யாரும் கையெழுத்துப் போடாத நோட்டைத் திறந்து, கூனம்பாறைப்பட்டி என்று தானே எழுதி, பேனாவை ஒச்சப்பனிடம் நீட்டினார்.

"என்ன கஷ்டம் டாக்டரம்மா?" என்று கேட்டாள் சடைச்சியக்கா.

"புள்ள தலை முதல்ல வரல. திரும்பி, கால் முதல்ல வந்துச்சு. பின்பக்கமா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா மாப்ள" என்றான். "ஆத்தாளுக்கு முதுகு காட்டாம வெளிய வந்திருக்கா. மூணு மாசம் பழக்குனா அடுத்த மலைநடைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."