ஆமையார் அதிவேகமாகப் போனாராம்!

கரட்டுக் காட்டில் செவந்தி என்றொரு சருகுமான் இருந்தாள். உடம்பு முயல் அளவு. கூச்சம் யானை அளவு. "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் கேட்டவர் தானும் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடுவார்.

அந்தக் கோடையில் காட்டுக் குளம் வற்றிவிட்டது. தண்ணீர் வேண்டுமானால் பாறைச் சரிவில் இறங்கி ஆற்றுக்குத்தான் போக வேண்டும். செவந்தியின் குட்டிகள் இரண்டும் தத்தித் தத்தி நடக்கிறவை. அவ்வளவு தூரம் அவற்றால் முடியாது. அதனால் ஒரு வண்டி வாங்க மரங்கொத்தித் தச்சரிடம் போனாள்.

தச்சர் பெயர் செங்கொண்டையார். காட்டில் எல்லோருக்கும் அவர்தான் வண்டி செய்தார். எலிக்கு எலி அளவில், ஆமைக்கு ஆமை அளவில். ஒரு வண்டிக்குக் கூலி, சுரைக்குடுக்கை நிறையக் கறையான். பழுது பார்க்க ஒரு கொட்டாங்கச்சி கறையான். செவந்தி புற்றுக்குள் மூக்கை விட்டு, தும்மித் தும்மிக் கறையான் சேர்த்தாள். வண்டியும் வந்தது.

முதல் நாளே சரிவில் 'படக்' என்றது. ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஆற்றைப் பார்த்து உருண்டு போனது. வண்டி குடைசாய்ந்தது. குட்டிகள் இலந்தைப் புதரில் விழுந்து கத்தின.

செவந்தி சக்கரத்தை மூக்கால் உருட்டிக்கொண்டே தச்சரிடம் வந்தாள்.

"சக்கரம்..." என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

செங்கொண்டையார் கடையாணியைப் பார்த்தார். சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் நுனியில் செருகுகிற சின்ன முளைதான் கடையாணி. அது பாதியாக முறிந்திருந்தது. தச்சர் சிரித்தார்.

"ஏம்மா, வண்டி இழுக்கும்போது வாய் ஓயாம அரட்டை அடிச்சீங்களா?"

"நானா?"

"பின்னே! உங்களை மாதிரி வாயாடி பேசிக்கிட்டே வந்தா ஆணி தாங்குமா? அந்த அதிர்வே போதும், முறிஞ்சிடும்! தப்பு வண்டி மேல இல்லை. ஒரு கொட்டாங்கச்சி கறையான் கொண்டாங்க!"

செவந்திக்குக் காது நுனி வரை சூடேறியது. இதுவரை அவளை யாரும் வாயாடி என்று சொன்னதே இல்லை. வழியெல்லாம் அந்தச் சொல்லை நாக்கில் உருட்டி உருட்டிப் பார்த்தாள். வாயாடி! கேட்க நன்றாகத்தான் இருந்தது. கறையானைச் சந்தோஷமாகவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நடுவில் ஒரு கோடைமழை பெய்தது. வழியெங்கும் சுனை ஊறியதால் சில நாள் ஆற்றுப் பக்கமே யாரும் போகவில்லை. சுனையும் வற்றிய பிறகு, புது ஆணி போட்ட வண்டியோடு செவந்தி மறுபடியும் சரிவில் இறங்கினாள். இந்தத் தடவை மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை.

"படக்!"

சின்னக் குட்டி உருண்டு போய், பள்ளத்தின் விளிம்பில் ஒரு காரைச்செடியில் சிக்கி நின்றது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். செவந்தி அதன் கழுத்தைக் கவ்வி மேலே இழுத்தாள். அடுத்த தடவை அங்கே ஒரு செடி இருக்கும் என்று யார் கண்டது?

பதற்றம் தணிய எதையாவது மெல்லலாம் என்று பக்கத்தில் இருந்த ஒரு கொழுந்தைக் கடித்தாள். முருங்கை! இந்தப் பாறைச் சரிவில் முருங்கை எப்படி வந்தது? குனிந்து பார்த்தாள். முன்பு முறிந்த கடையாணியின் மீதிப் பாதி, மழை ஈரத்தில் துளிர்விட்டு நின்றது! சரிவு நெடுகப் பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முருங்கைக் கன்றுகள். எங்கெல்லாம் யார் வண்டி கவிழ்ந்ததோ, அங்கெல்லாம் ஒன்று.

குட்டிகளை நடத்தியும் சுமந்தும் அவள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அம்பலம் என்ற ஆமையார், தவளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யறது? ரத்தத்துல ஊறின வேகம்! 'ஆமையண்ணே, நீங்க காத்தாப் பறந்தா என் ஆணி என்னத்துக்கு ஆகும்?'னு தச்சரே கையெடுத்துக் கும்பிட்டாரு. மூணு தடவை சக்கரம் கழண்டிருச்சுன்னா பாத்துக்கோங்க!"

"வேகம் என்ன பெரிய வேகம்!" என்று சுண்டெலி வீரபத்திரன் நெஞ்சை நிமிர்த்தினான். "என் வண்டி பாரம் தாங்காம முறிஞ்சுதாக்கும்! 'எலியாரே, யானைகூட இப்படி அழுத்தாது'ன்னு சொன்னாரு!"

செவந்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லோருக்கும் அதே ஒடிகிற முருங்கை ஆணிதான், ஆளுக்கொரு புகழ்ச்சி! சொல்லிவிட வேண்டும். ஆனால் இத்தனை பேர் நடுவிலா? சின்னக் குட்டி அவள் காலோடு ஒட்டி நின்றது. நாளைக்கும் அதற்குத் தாகம் எடுக்கும்.

"ஆணி... முருங்கை..." என்றாள். யார் காதிலும் விழவில்லை.

சருகுமானுக்குப் பதற்றம் வந்தால் பின்னங்கால் தானாகத் தாளம் போடும். தடதடதடதட! ஆற்றங்கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இனி ஒளிய இடமில்லை. செவந்தி கண்களை இறுக மூடிக்கொண்டு, முருங்கைக் கன்றுகளைப் பற்றி ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

மருத மரத்திலிருந்து செங்கொண்டையார் சர்ரென்று இறங்கினார். "வாயாடி பேச்சைக் கேக்காதீங்க! ஆமையண்ணன் அதிவேகமாப் போனாரு, முறிஞ்சுது. அவ்வளவுதான்!"

"ஆமா!" என்றார் ஆமையார் அவசரமாக. "தச்சர் மேல யாரும் பழி போடாதீங்க. வேகம் என்னோடது!"

செவந்தி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அப்போ அந்த வேகத்தைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே. அதோ, அந்தக் கல் வரைக்கும்."

ஆமையார் புறப்பட்டார். ஒரு தவளை கொட்டாவி விட்டது. இன்னொன்று தூங்கியே போனது. மருத மரத்தின் நிழல் மெல்ல நகர்ந்து கல்லைத் தொட்டது.

ஆமையார் பாதி வழியில் நின்று திரும்பினார். "நிழல் என்னை முந்திருச்சா?"

"முந்திருச்சுண்ணே!"

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். யாரும் கேட்காமலே வீரபத்திரன் ஒரு கோரைப்புல் மேல் ஏறி நின்றான். புல் வளையவே இல்லை. சத்தம் போடாமல் இறங்கிவிட்டான்.

"என்னையும் வாயாடின்னு சொன்னாரு. நானும் நம்பினேன்," என்றாள் செவந்தி. "தச்சரே, உங்க வண்டி நல்ல வண்டிதானே? நீங்களே ஒரு தடவை ஏறிச் சரிவுல இறங்குங்க. நீங்க பாரமும் இல்லை, அரட்டையும் வேண்டாம். ஆனா இறக்கையை மட்டும் கட்டிக்கணும்!"

இதுவரை யாருக்கும் அது தோன்றவே இல்லை. வண்டி செய்கிறவருக்கு இறக்கை இருந்தது. வண்டியில் போகிறவர்களுக்கு இல்லை.

எல்லோருமாகச் சேர்ந்து ஒரு புது வண்டியைச் சரிவின் உச்சிக்குத் தள்ளினார்கள். வீரபத்திரன் கொடியால் தச்சரின் இறக்கைகளை இறுக்கிக் கட்டினான். செங்கொண்டையார் வண்டியில் உட்கார்ந்து கீழே பார்த்தார். சிலிர்த்து நின்ற கொண்டை படிந்து போனது.

"தள்ளட்டுமா?" என்றார் ஆமையார்.

"ஐயோ, வேண்டாம்! எனக்கு என்ன பைத்தியமா? முருங்கைக் கட்டையை நம்பி எவனாவது இறங்குவானா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

"ஆணிக்குக் கெட்டியான வேலமரத்தைக் கொத்தினா மூக்கு வலிக்குதுங்க," என்று முனகினார். "முருங்கைன்னா வெண்ணெய் மாதிரி..."

"உங்க மூக்கு வலிக்கு என் குட்டியா பள்ளத்துல விழணும்?" என்று கேட்டாள் செவந்தி.

அன்றே தீர்ப்பாயிற்று. எல்லா வண்டிக்கும் வேலமரத்தில் புதுக் கடையாணி, கூலி இல்லாமல். பழுதுக்கென்று வாங்கிய கறையானையெல்லாம் அவரே புற்றில் தேடித் திருப்பித் தர வேண்டும். புது வண்டி எதுவானாலும், இறக்கையைக் கட்டிக்கொண்டு அவர்தான் முதலில் சரிவில் இறங்க வேண்டும். வேலமரம் கொத்திக் கொத்தி மூக்கு வீங்கி அடைத்துக்கொண்டது. கொஞ்ச நாள் அவர் 'ஆணி' என்று சொன்னால் 'ஆடி' என்றே கேட்டது.

செவந்தியின் வண்டி இப்போது ஆடாமல் அசையாமல் ஆற்றுக்குப் போய் வருகிறது. ஒரு நாள் வழியில் ஆமையார் அவளை மெல்ல நிறுத்தினார்.

"உண்மையைச் சொல்லு தாயி. நான் கொஞ்சம்கூடவா வேகமாப் போகலை?"

செவந்தி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பழுதான பொருளைச் செய்தவனே அதைச் சரிசெய்து தர வேண்டும். அவன் பழியைப் புகழ்ச்சியில் தோய்த்து நீட்டும்போது பல்லிளித்து வாங்கிக்கொள்கிறவன், செலவையும் சேர்த்தே சுமக்கிறான்.