எதிர் ஜன்னல் சீட்டு

அட்ஜஸ்ட் என்ற வினைச்சொல்லை வெள்ளைக்காரன் திருகாணியைத் திருகவும் கடிகார முள்ளை நகர்த்தவும் வைத்திருந்திருப்பான். நம் ரயிலில் ஏறியதும் அது மனிதர்களை நகர்த்த ஆரம்பித்துவிட்டது. அதிலும், ‘நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ‘நான் பண்ணிக்கிறேன்’ என்று வாய்தவறிக்கூட வராது.

குஞ்சரம் மதுரையில் பகல் ரயில் ஏறினாள். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னும் மடக்க முடியாது. காலை நீட்டிக்கொள்ளவென்றே நடைபாதை ஓரத்து சீட்டை முன்கூட்டியே பதிவு செய்திருந்தாள். கட்டுப் போட்ட காலைப் புடவை மறைத்திருந்தது. கைத்தடி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

பக்கத்தில் ஒரு புதுப்பெண். அவள் கணவனுக்கு எதிர் வரிசை ஜன்னல்.

“அம்மா, நாங்க சேர்ந்து உக்காந்துக்கறோம். நீங்க அந்த ஜன்னலுக்குப் போய்க் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்களேன்” என்றான். குஞ்சரம் பதில் சொல்வதற்குள் தடியை வாங்கி, மேலே பெட்டிகளுக்குப் பின்னால் செருகிவிட்டான்.

சரி, தொலையட்டும் என்று நகர்ந்து, எதிர் சீட்டுக்கு அடியில் காலை நீட்டினாள். திண்டுக்கல்லில் ஏறிய ஓர் அம்மாள் சீர்ப் பாத்திரப் பெட்டியை அங்கேயே தள்ளி, “அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றாள். திருச்சியில் பதிவில்லாத ஒருவர், “நாலு பேரா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கால் மடங்கி உயிர் போனது. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. வலி தாங்காமல் எழுந்து நடைபாதைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காசு கொடுத்து வாங்கிய சீட்டின் பக்கத்திலேயே அவள் நிற்க, பதிவில்லாதவர் கொட்டாவி விட்டார்.

சீட்டு மாற்றியவன், பெட்டி வைத்தவள், இடித்து உட்கார்ந்தவர். மூவரில் இவளுக்காக எழுந்திருக்க வேண்டியவர் யார்? சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

பதிவில்லாதவர் என்றுதான் சட்டென்று வாயில் வரும். ஆனால் அவருக்கும் பெட்டிக்காரிக்கும் புடவைதான் தெரிந்தது. தடியைக் கையில் வாங்கிப் பார்த்தவன் ஒருவன்தான். தெரிந்தே செய்தவன்தான் எழ வேண்டும்.

குஞ்சரத்துக்கும் அது தெரிந்திருந்தது. “தம்பி, அந்தத் தடியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்றாள். அவன் எழுந்து பெட்டிகளுக்குப் பின்னால் துழாவினான். திரும்பிப் பார்த்தபோது, அவள் தன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிச்சதுதான் எந்திரிச்சீங்க,” என்றாள் தடியை வாங்கிக்கொண்டே, “சென்னை வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.”