கடைசியாகத் திறக்கும் பை

காற்றுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிற ஒரு காலத்தில், ஒரு மலைநாடு இருந்ததாம். அதைக் காக்க ஒரு சின்னப் படை. அந்தப் படையோடு முன்வரிசை வரைக்கும் போய், விழுந்தவனைக் கட்டி இழுத்து வருகிற வைத்தியக்காரி ஒருத்தி. பேர் சிலம்பாயி.

அவளிடம் வேலை பழக வந்தவன் தாண்டவன். பதினெட்டு வருஷம் வேல் பிடித்தவன். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். குத்தினது போதும், இனிமேல் கட்டுறேன் என்று வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்திருந்தான்.

"ஆசானே, ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் எனக்குப் பை தரலையே?"

சிலம்பாயி துணி அவித்துக்கொண்டிருந்தாள்.

"பை கனம் அண்ணே."

"இந்தப் பையா? நான் ஆளையே தூக்கிட்டு மலை இறங்குறேன்!"

"தெரியும். பார்த்திருக்கேன்."

"நாளை மறுநாள் படை கணவாய்க்கு ஏறுது. போறவனுங்க பூரா நான் வேல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பயலுக. ஒருத்தன் விழுந்து, நான் பக்கத்துல வெறுங்கையோட நிக்கணுமா?"

அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். தோல் பை. உள்ளே நாலே நாலு கட்டுத்துணிச் சுருள்.

"இன்னைக்கு மட்டும். பையைக் கடைசியாத் திறங்க."

மைதானத்தில் ஐந்து பேர் கோவைப்பழச் சாற்றைப் பூசிக்கொண்டு, அடிபட்டவர்கள் மாதிரிப் படுத்திருந்தார்கள்.

தாண்டவன் முதல் ஆளிடம் மண்டியிட்டான். காயத்தைப் பார்த்தான். அழுத்தினான். எல்லாம் முடித்துக் கடைசியாகப் பையைத் திறந்தான். கட்டினான். அப்படி ஒரு கட்டு! அரண்மனை வைத்தியர்கூட வாயைப் பிளப்பார்.

இரண்டாவது ஆள். மூன்றாவது. நான்காவது.

ஐந்தாவதாகப் படுத்திருந்தது படைச் சமையல்காரர் ராக்கன். தாண்டவன் பைக்குள் கைவிட்டுத் துழாவினான்.

"என்ன மாப்ளே, என்னை எதால கட்டப் போறே? மீசையாலயா?"

அடிபட்டவர்களாகக் கிடந்த நாலு பேரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

சிலம்பாயி சிரிக்கவில்லை. பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க சொன்னபடி கடைசியாத்தானே திறந்தேன்?"

"இல்லை அண்ணே."

"பெரிய பையாத் தாங்க. நாற்பது சுருள் கொள்ற மாதிரி."

"நாற்பத்தியோராவது ஆளை என்ன செய்வீங்க?"



மூன்றாம் நாள் காலையில் கணவாயில் சண்டை மூண்டது. சிலம்பாயி குனிந்து, பாறை பாறையாக முன்னே போனாள். தாண்டவன் பின்னால் போனான். அம்பு சிணுங்கிக்கொண்டு போகிற இடத்தில், கிணற்றடியில் குடம் வைக்கப் போகிறவள் மாதிரி அவளுக்கு ஒரு நடை. பதினெட்டு வருஷம் வேல் பிடித்தவனுக்கு அந்த நடை வராது.

படைத்தலைவன் தொடையில் அடிபட்டுக் கிடந்தான். சிலம்பாயி இரண்டு கையாலும் காயத்தை அழுத்தினாள்.

"கையை எடுத்தா இவர் போயிடுவார். என் தோள்ல இருக்கிற பையை எடுங்க. ஓடைப்பக்கம் ஆறு பேர் விழுந்திருக்காங்க."

"நான் தனியாவா?"

"ஆறு பேர் அண்ணே."

அவன் ஊர்ந்தான். முதல் ஆளிடம் போனதும் கை பையின் முடிச்சுக்குப் போனது.

நாலு சுருள். ஆறு பேர்.

திரும்பிச் சிலம்பாயியைப் பார்த்தான்.

அவள் கைக்கு அடியில் இருந்த துணி பையிலிருந்து வந்ததில்லை. ஓரத்தில் எண்ணெய்க் கறை. படைத்தலைவனின் இடுப்புத்துணி.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருத்தனும் வலப்பக்க இடுப்பில் ஒரு மடித்த துணி செருகியிருக்க வேண்டும். தாண்டவனும் பதினெட்டு வருஷம் செருகியிருந்தவன்தான். அதில் வேர்வை துடைப்பான், கட்டுச்சோறு கட்டுவான். அந்த அழுக்குத் துணியை ஒரு காயத்தில் வைக்க அவனுக்கு மனசு வந்ததே இல்லை.

முடிச்சை விட்டான். கீழே கிடந்தவனின் வலப்பக்கம் கைவிட்டு உருவினான்.

"அய்யோ அண்ணே, அது நேத்து மூக்குத் துடைச்சது!"

"உன் மூக்குதானேடா. அசையாம கிட."

கட்டினான். அடுத்தவன். அவன் இடுப்பு, அவன் துணி. அடுத்தவன். ஐந்து பேர் ஆயிற்று. பை தோளில் மூடியபடியே ஆடிக்கொண்டிருந்தது.

ஆறாவது ஆள் வெயிலுமுத்து. சத்தமே இல்லாமல் கிடந்தான். முழங்கைக்கு மேலே பிளந்து, ரத்தம் மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. தாண்டவன் வலப்பக்கம் கைவிட்டான். ஒன்றும் இல்லை.

"துணி எங்கேடா?"

"கருப்பட்டி கட்டி வச்சிருந்தேன் அண்ணே... ஓடுறப்ப விழுந்துடுச்சு."

தாண்டவன் திட்டவில்லை. பல்லால் முடிச்சை இழுத்து, பையைத் திறந்தான்.

சாயங்காலம் எதிரி பின்வாங்கிவிட்டான். ஏழு பேரும் கூடாரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சிலம்பாயி கையைக் கழுவிவிட்டு வந்து பையைத் திறந்து பார்த்தாள்.

"ஒண்ணு யாருக்கு?"

"வெயிலுமுத்துக்கு. அவன்கிட்ட இல்லை."

பையைக் கட்டினாள். தன் தோளில் மாட்டாமல், உட்கார்ந்திருந்தவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் படை மேலே ஏறியது. ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக. தாண்டவன் பாதை ஓரத்தில் நின்று, போகிற ஒவ்வொருத்தனின் வலப்பக்க இடுப்பையும் தொட்டுத் தொட்டு அனுப்பினான்.

"கூசுது அண்ணே!"

"கூசட்டும். நட."

ஊருக்குத் திரும்பும் வண்டியில் கிடந்த வெயிலுமுத்து தலையைத் தூக்கினான். "அண்ணே, நான் ரெண்டு செருகியிருக்கேன்!"

"கருப்பட்டி எதுல?"

"வாயில."

வண்டி இறங்கிப் போனது. படை ஏறிப் போனது. கடைசியாகச் சிலம்பாயி வந்தாள்.

தாண்டவன் நீட்டின கையை இழுத்துக்கொண்டான். ஆசான் இடுப்பை எப்படித் தொடுவது?

அவளே இடுப்பிலிருந்து துணியின் முனையை இழுத்துக் காட்டினாள். அவித்து மடித்த வெள்ளைத் துணி.

"வலப்பக்கம் அண்ணே. நான் பேச்சில்லாம கிடந்தா, நீங்க தேடிட்டு இருக்கக் கூடாது."

செருகிக்கொண்டு, ஏறி நடந்தாள்.

தாண்டவன் பையைத் தோளில் ஏற்றினான்.

"கனம்தான்," என்றான், கேட்க ஆளில்லாமல்.

பிறகு அவனும் ஏறி நடந்தான்.