கொசுப்புழு பட்டினியில் செத்ததா?

பச்சைமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. ஊர் சிரித்தது, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடம் சாக்கடையில் கொசுமருந்து அடித்தவர், அதே கொசுவின் புழுவை வைத்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிறார். பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை நிபுணர் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டினால் நாலு வருட உழைப்பு கரையேறிவிடும். குழுவிடம் சொல்லப்போவதை ஆய்வகத்தில் ஜெசிந்தாவிடம் ஒப்பித்துக் காட்டினார்.

"மேடம், இலைச்சாற்றை எண்ணெயில குழைச்சு, புழு இருக்குற கிண்ணத்துல விட்டேன். புழுவோட குடல்ல கொழுப்பைச் செரிக்கவைக்கிற நொதி வேலை செய்யாம போயிருச்சு. தின்னது செரிக்காம அத்தனையும் பட்டினியில செத்துருச்சு."

"எவ்வளவு நேரத்துல சார்?"

"ஒவ்வொரு தடவையும் காலையில விடுவேன். மத்தியானம் ஒண்ணுகூட உயிரோட இருக்காது."

ஜெசிந்தா இன்னொரு கிண்ணத்துப் புழுக்களின் மேல் சாறு கலக்காத வெறும் எண்ணெயை நாலு சொட்டு விட்டார்.

"சாயங்காலம் பாருங்க," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் அந்தக் கிண்ணத்திலும் எதுவும் நெளியவில்லை.

பச்சைமுத்துவின் முகம் தொங்கிப்போனது. கொசுப்புழு வால்பக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டித்தான் மூச்சு விடும். மேலே எண்ணெய் படர்ந்தால் திணறிச் சாகும். இது தெரிந்துதானே இருபது வருடம் மருந்தடித்ததோடு குட்டை குட்டையாக எண்ணெயும் ஊற்றினார்! பட்டினியில் சாக நாள்கணக்கில் ஆகுமே!

ஆய்வேடு அச்சாகி, பைண்டு செய்து மேசைமேல் இருந்தது. எண்ணெயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. குழு ஏட்டைத்தான் பார்க்கும், கிண்ணத்தைப் பார்க்காது.

காலையில் குழுவின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நாலாவது அத்தியாயத்தை நம்பாதீங்க. புழுவைக் கொன்னது என் சாறு இல்ல, எண்ணெய். அந்த நொதியை நான் இன்னும் சோதிச்சுப் பார்க்கவே இல்ல. மறுபடி செய்யணும்."

இன்னும் ஒரு வருடம் ஆகட்டும் என்றார்கள். வெளியே வந்தபோது அவர் தலை ஏனோ நிமிர்ந்தே இருந்தது.

ஜெசிந்தா வராந்தாவுக்கு வரக் கால்மணி நேரம் ஆனது.

"உங்க மானத்தை வாங்கிட்டேனா மேடம்?"

"குழுவுல டெல்லியிலேருந்து வந்தவர், இவர் யாரோட மாணவர்னு கேட்டார் சார். உட்கார்ந்துக்கிட்டே சொல்ல எனக்கு மனசு வரல. எழுந்து நின்னு சொன்னேன்."