சங்கிலி போடும் முன்னே

மாற்றுக் கிட்னி வைக்கிற வைத்தியத்தில் தமயந்தி டாக்டர்தான் குரு. அவரிடம் பாடம் கேட்க வந்த கோமதிநாயகம் டாக்டர், குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

செல்லக்கிளிக்கு அவள் நாத்தனார் கிட்னி கொடுத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. உடம்பு அதை அந்நியம் என்று விரட்டிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அன்று பரிசோதனை முடித்து, பையும் கையுமாக வீட்டுக்குக் கிளம்ப நின்றாள்.

"மேடம், உப்பு சரியா இருக்கு. நீர் நல்லாப் போகுது. ஆளும் தெம்பா இருக்கு. ஆனா கிட்னிக்கு எதிரா ரத்தத்துல ஆன்டிபாடி வந்திருக்காம். ஒரு கெடுதலும் பண்ணாததை எதுக்குத் தேடிப் பிடிக்கணும்?" என்றார் கோமதிநாயகம்.

தமயந்தி ஜன்னலுக்கு வெளியே காட்டினார்.

"உங்க ஸ்கூட்டரை ஆம்புலன்ஸ் வாசல்ல நிறுத்திட்டு வாங்க சார்."

"அங்க நிறுத்தக் கூடாதே?"

"அதான்."

போனார். நிறுத்தினார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாட்ச்மேன் முக்காண்டி ஒண்ணுமே சொல்லலை மேடம். சல்யூட்தான் அடிச்சார்."

"அவர் உள்ளங்கையைப் பாத்தீங்களா?"

மறுபடி இறங்கிப் போனார். முக்காண்டி கூச்சத்தோடு கையை விரித்தார். நீல மையில் ஸ்கூட்டர் நம்பர்!

"டாக்டர் முகத்துக்கு நேரா எப்படிய்யா சொல்றது? ரவுண்டு வர்றப்போ சக்கரத்துல சங்கிலி போட்ருவேன்."

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டிரண்டு படியாக ஏறி நேரே செல்லக்கிளியிடம் ஓடினார்.

"ஏம்மா, மாத்திரையை எப்பவாவது விட்டியா?"

"ஐயோ, விடுவனா சார்! செவ்வாக்கிழமை மட்டுந்தான்."

"செவ்வாக்கிழமையா!"

"விரதம் சார். பச்சைத்தண்ணி பல்லுல படாது. நாத்தனா குடுத்தது நெலைக்கணும்னு முருகனுக்கு நேந்துக்கிட்டேன்."

அன்றைக்கும் செவ்வாய்.

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் பை கீழே விழுந்தது.

"கிட்னி போயிருமா சார்? நாத்தனா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவர் குருவிடம் ஓடினார்.

"மேடம், உடம்பு நம்பரை எழுதிருச்சு! நேரம் கடந்துருச்சா?"

தமயந்தி ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் கொடுத்தார். மறு கையில் ஒரு மாத்திரை வைத்தார்.

"முக்காண்டி சங்கிலி போட்டுட்டாரா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் ஏன் சார் நிக்கிறீங்க? ஓடுங்க!"