நேற்று வரவேண்டிய பஸ்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். மலைமேல் மேகம் கவிந்திருந்தது. பெய்வதா, போவதா என்று தீர்மானிக்காத ஒரு தூறல் ஏழரைப்பட்டி முழுவதும் விழுந்துகொண்டிருந்தது, சாலையோரத்துப் புதிய பலகையின்மேல் மட்டும் விழவில்லை. தங்கப்பெருமாள் அதற்குக் குடை பிடித்து நின்றார். அவர் நனைந்துகொண்டிருந்தார்.

அவர் நனைவதில் நியாயம் இருந்தது. சந்தைச் சுமையோடு நாலு மைல் நடந்து வந்த ஒருநாள் அவர் மனைவி ராக்கம்மாள், "இந்த ஊர்ல பஸ் நிக்கிற அன்னைக்குத்தான் நானும் இங்க நிப்பேன்" என்று கூடையை இறக்காமலே பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். டெப்போ மேலாளரோ, "அருவிக்குப் போற வெளியூர்க்காரங்களுக்காக இங்கிலீஷ்ல பிழையில்லாம ஒரு போர்டு வைங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பஸ் வரும். கண்டக்டர் பார்த்துச் சரின்னா, தினமும் நிக்கும்" என்றிருந்தார். அந்தப் பஸ்ஸிலேயே வருவதாக ராக்கம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள்.

பலகையை எழுதியவன் ஒச்சு. ஊரில் மாட்டுக் கொம்புகளுக்கு வர்ணம் அடிப்பவன் அவன்தான் என்பதால், எழுத்து வேலையும் அவனிடமே வந்தது. அவன் எழுதியது மூன்று வரி. "ஒன் ட்ரீ ஆர் ஹியர். மெனி பஃபலோ இஸ் ஹியர். பஸ் வில் கம் எஸ்டர்டே." அதாவது, இங்கே ஒரு மரம் இருக்கின்றன, பல எருமை நிற்கிறது, பஸ் நேற்று வரும்.

அவ்வழியாகப் பள்ளிக்குப் போன ஆங்கில ஆசிரியை ரோஸ்லின் ஸ்கூட்டரை நிறுத்திப் பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மரம் ஒண்ணுதானே? அப்ப 'ஆர்' வரக்கூடாது, அது பலதுக்கு. எருமை பலதுன்னா 'இஸ்' வரக்கூடாது, அது ஒண்ணுக்கு. அப்புறம், 'வில்'லும் 'எஸ்டர்டே'யும் ஒரே பஸ்ல ஏறாது. இப்படி இருந்தா ஸ்டாப் கிடைக்காதுங்க. பத்து மணிக்குள்ள எல்லாத்தையும் திருத்திடுங்க."

ஸ்கூட்டர் போய்விட்டது. பலகைக்கு முந்தின நாளே சந்தனம் தெளித்துச் சூடம் காட்டியாகிவிட்டது. பூசை போட்ட பொருளில் மறுபடி கைவைப்பது அவ்வூரில் வழக்கமில்லை. புது வீட்டுக்கு வாசல் வைக்க மறந்தது பூசைக்குப் பின்னரே தெரியவந்ததால், ஒச்சுவின் குடும்பம் இன்றுவரை கூரைவழியாகத்தான் வீட்டுக்குள் போய்வருகிறது.

"போர்டைத் தொட முடியாது மாமா" என்றான் அங்கே வந்த ஒச்சு.

"தொட வேணாம்ப்பா. ஊருக்குப் பூசை போட்டிருக்கோமா?"

"இல்லையே."

"அப்ப ஊரைத் திருத்து!"

எருமைக்காரர் விருமனும் வந்து சேர்ந்தார். மூவரும் ஈரத்தரையில் குந்தி யோசித்தார்கள்.

"மரத்தை வெட்டி ரெண்டாக்கிடலாமா?" என்றார் விருமன்.

"யோவ், 'ஒன்'னு தெளிவா எழுதியிருக்குல்ல? ஒண்ணாவும் இருக்கணும், பலதாவும் இருக்கணும்" என்றார் தங்கப்பெருமாள்.

பொழுது ஒன்பதைத் தாண்டுவதற்குள், அந்தப் புளியமரத்தின் கிளைகளில் வேப்பங்கொத்தும் முருங்கைக்கொம்பும் ஒரு வாழைத்தாரும் கட்டப்பட்டன. தங்கப்பெருமாள் எட்ட நின்று பார்த்தார். மரம் ஒன்று, ஆனால் ஒன்று என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. முதல் வரி சரியாயிற்று.

அடுத்து எருமைகள். விருமன் தம் ஆறு எருமைகளையும் நெருக்கி நிறுத்தி, கல்யாணப் பந்தல் தார்ப்பாயை அவற்றின்மேல் போர்த்தினார்.

"இப்ப எத்தனை எருமைண்ணே?" என்று ஒச்சுவே கேட்டான்.

"ஒண்ணு."

"காலு இருபத்துநாலு தெரியுதே?"

"அதான் 'மெனி'. பேசாம பிடி!"

மூன்றாவது வரிக்கு நேரமில்லை. வளைவில் ஹாரன் கேட்டது. பஸ் வந்தது. ஜன்னலில் ராக்கம்மாளின் முகமும் தெரிந்தது. தங்கப்பெருமாளின் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணமே திக்கென்றது. இன்றைக்குப் பஸ் நின்றால் பலகை பொய்யாகிவிடும். பலகை பொய்யானால் ஸ்டாப் போய்விடும். ஸ்டாப் போனால் ராக்கம்மாளும் போய்விடுவாள்.

அவர் சாலை நடுவே குடையை விரித்து நின்றார்.

"நிக்காதீங்க! போயிட்டு நேத்து வாங்க!"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "நேத்தா?"

"போர்டைப் பாருங்க சார். மத்ததெல்லாம் திருத்தியாச்சு. உங்க பங்குதான் பாக்கி."

கண்டக்டர் பலகையைப் பார்த்தார். வாழைத்தார் தொங்கும் புளியமரத்தைப் பார்த்தார். அந்நேரம் தார்ப்பாய் ஆறு திசையில் நகர முயன்று, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. அவர் உடனே விசில் ஊத, பஸ் நகர்ந்தது.

"ஏய்யா, நான் எறங்கணும்யா!" என்று ராக்கம்மாள் கத்தினாள்.

"நேத்து எறங்கு ராக்கு! கோவிச்சுக்காத!"

மறுநாள் காலை ஒச்சு புளியமரத்திலிருந்த வேப்பங்கொத்துக்கு ஏணி போட்டுத் தண்ணீர் ஊற்றினான். விருமன் தார்ப்பாய்க்கு அடியில் கைவிட்டுப் பால் கறந்து, ஒரே எருமை இத்தனை குடம் கறப்பதை ஊர் கூட்டிக் காட்டினார். ரோஸ்லின் டீச்சர் வேறு பாதையில் பள்ளிக்குப் போனார்.

தங்கப்பெருமாள் மல்லிகைப்பூவோடு பலகையடியில் நின்றார். பஸ் வரும் திசைக்கு முதுகைக் காட்டியே நின்றார். நேற்றைய பஸ் போன பக்கமிருந்துதானே வரவேண்டும்? அந்தப் பக்கமிருந்து ராக்கம்மாள்தான் நடந்து வந்தாள். அடுத்த ஊரில் இறங்கி, அங்கேயே தங்கி, விடிந்ததும் கிளம்பியவள்; காலெல்லாம் சேறு, கண்ணெல்லாம் நெருப்பு.

"என்னய்யா கூத்து இது? பெண்டாட்டியை ஏத்திக்கிட்டு வந்த பஸ்ஸை எவனாவது விரட்டுவானா?"

அவர் பலகையின் மூன்றாவது வரியை விரலால் சுட்டி, பொறுமையாகப் பொருள் சொன்னார். ராக்கம்மாள் இடுப்பில் கைவைத்து நெடுநேரம் யோசித்தாள். அவள் முகத்தில் கோபம் மெல்ல வடிந்தது.

"அட, தப்பு என்மேலதானா! ஒருநாள் முன்னாடியே கிளம்பியிருக்கணும்."

பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த களைப்பைப் பாராமல் பிறந்த வீட்டை நோக்கி நடந்தாள். வளைவில் நின்று திரும்பிக் கூவினாள்:

"சோறு வடிச்சு வையுங்க! நேத்து ராத்திரிக்குள்ள வந்துடுறேன்!"

தங்கப்பெருமாள் வீட்டுக்கு ஓடிப்போய், நேற்று இரவுக்கு உலை வைத்தார்.