வாத்திறகு சூடிய வேலவன்

நீலமலையில், சோலைக்காட்டு ஓடை இறங்கி வரும் இடத்தில், ட்ரவுட் மீன் வளர்க்கும் பண்ணை ஒன்றில் ராக்கம்மாள் என்னும் அடியார் வேலை பார்த்து வந்தார். ஓடைநீர் ஓயாமல் ஓடும் தொட்டிகளில், மூடி போட்ட தட்டுகளில் மீன்முட்டைகள் கிடக்கும். செத்த முட்டை வெளுத்துவிடும். அதை அன்றன்றே எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். ராக்கம்மாள் சிவப்பு நூல் சுற்றிய ஒரு வாத்திறகால் நல்ல முட்டைகளை நோகாமல் ஒதுக்கி, வெளுத்தவற்றை எடுப்பார். ஒவ்வொன்றுக்கும் "முருகா" என்பார். செத்ததையும் பேர் சொல்லி வழியனுப்ப ஆள் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பண்ணைக்கு மேலே குன்றின்மீது வேலவன் கோயில். தினமும் போவார், ஆனால் கொடிமரத்தைத் தாண்ட மாட்டார். ஒருமுறை வரிசையில் முன்னால் நின்ற பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோயிலுக்குள்ள யாரு மீன் கூடையைக் கொண்டாந்தது?" என்று கேட்டுவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். ராக்கம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அன்றிலிருந்து கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் கும்பிடுவார். கை தெரியாமல் கும்பிடுவது எப்படி என்று கேட்காதீர்கள். வெட்கப்பட்டவர்களுக்கு அது தெரியும்.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டார். பால்குடத்தோடு சன்னிதி வரை போயாக வேண்டுமே, இந்த வாடையோடு எப்படிப் போவது? பூசத்தன்று காலையில், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, பண்ணைக்கு மேலே ஓடையில் இறங்கினார். சீயக்காயைக் குழைத்துத் தலையிலும் கையிலும் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தார். நுரை ஓடையோடு போயிற்று. அது எங்கே போகிறது என்று அந்த நேரம் அவருக்குத் தோன்றவே இல்லை.

பால்குடத்தோடு புறப்பட்டவர், பழக்கத்தில் பண்ணைக்குள் எட்டிப் பார்த்தார். தொட்டியில் மீன்குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து திணறின. சில மல்லாந்துவிட்டன. சீயக்காய் மீனுக்கு நஞ்சு என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதே ராக்கம்மாள்தான்.

ஆட்கள் எல்லோரும் பூசத்துக்குப் போயிருந்தார்கள். ஓடைநீரை அடைத்தார். குடத்துப் பாலை வாசல் மரத்தடியில் கொட்டினார்.

"மன்னிச்சுக்க சாமி. என் வெக்கத்துக்கு இதுக உசுரு போகக் கூடாது."

அந்தக் குடத்தாலேயே பக்கத்துச் சுனையிலிருந்து நல்ல நீரை மொண்டு வந்து தொட்டியில் ஊற்றினார். மேலே மேளம் கேட்டது. அது அடங்கிய பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்தன. செத்தவற்றை மடியில் வாரிக்கொண்டு அழுதார். நேர்த்தியும் போயிற்று, பாவமும் வந்து சேர்ந்தது, மேலெல்லாம் பழைய வாடையும் திரும்பியது.

மறுநாள் கொடிமரம் வரை போகக்கூட அவருக்கு முகமில்லை. முட்டைத் தட்டுகளைத் திறக்கவும் கை வரவில்லை. அப்போது கோயில் குருக்களே படியிறங்கி வந்தார். கையில் ஏதோ துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"இங்க மீனை எப்படிம்மா வளர்க்கிறீங்க?"

ராக்கம்மாள் கையை மறைத்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார். தாய்மீனின் வயிற்றை நீவி முட்டை எடுப்பது, முட்டைக்குள் கண் தெரியும்வரை இருட்டில் அசைக்காமல் காப்பது, வெளுத்ததை எடுப்பது.

"எதால எடுப்பே?"

"வாத்திறகாலங்க சாமி. நேத்துப் பதட்டத்துல அது எங்க போச்சுன்னே தெரியலைங்க."

குருக்கள் துணியைப் பிரித்தார். சிவப்பு நூல் சுற்றிய இறகு.

"காலைல நடை திறந்தா, சன்னிதி பூரா மீன் வாடை. சுவாமி கிரீடத்துல இருந்த மயிலிறகைக் காணோம். அந்த இடத்துல இது இருக்கு."

ராக்கம்மாள் தட்டின் மூடியைத் திறந்தார். நேற்றிலிருந்து யாரும் தொடாத தட்டில் வெளுத்த முட்டை ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் நனைந்த மயிலிறகு கிடந்தது.

குருக்கள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "சன்னிதியைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், அந்த வாடை போகலைம்மா. போக வேண்டாம்னு இருக்கான் போல. நீ உள்ள வா" என்றார்.

அன்று ராக்கம்மாள் கையைக் கழுவாமல் கொடிமரத்தைத் தாண்டினார். வெட்கத்தால் ஒதுங்கி நின்றவரின் வேலையைத் தானே செய்து, அந்த வாடையையும் விரும்பிப் பூசிக்கொண்டான் வேலவன். அவனைக் கீழே வரவழைத்த அந்த மீன் மணக்கும் கைகளை நாமும் வணங்குவோம்.